பன்னிரண்டாவது படலம்

அம்மனுக்கு மீசை இருந்தது.

கண்ணாடியைக் கழற்றிச் சட்டை முனையில் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டு குனிந்தேன். சந்தேகத்துக்கு இடமில்லை. மேலுதட்டின் நடுவில் பிரிந்து, இரண்டு பக்கமும் முறுக்கேறி, கன்னத்தில் பாதி தூரம் போன மீசை. இடுப்பில் குத்துவாள். வலது கை தொடைமேல் ஊன்றியிருந்தது. முழங்கால் உயரக் கருங்கல், டிரைவர் மூசாவின் ஜீப்பில் வைக்கோல் மெத்தையில் மல்லாந்து, எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்த மாப்பிள்ளை மாதிரி சீயக்காய் வாசனையோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“நல்லா வெளுத்துட்டுல்லா தம்பி?” என்றாள் ரெங்கம்மாள். அவள் தலையிலிருந்தும் தண்ணீர் சொட்டியது. முகம் கொள்ளாத பெருமை. “விடியமுன்னயே எண்ணெய் வச்சிட்டோம். நல்லா ஊற விட்டு, பெறகு அருவிக்குக் கீழ. அடேயப்பா! அடை அடையா உரிஞ்சி வந்துட்டு. எத்தன வருசத்து அழுக்கோ!”



அவள் அழுக்கு என்று சொன்னதுதான் என் ஆராய்ச்சி. தென்காசியில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து, லீவு நாட்களில் எழுதி எழுதி டாக்டர் பட்டம் வாங்கியவன் நான். அருமைநாயகம் என்ற என் பெயருக்கு முன்னால் அந்த ‘டாக்டர்’ ஒட்டிக்கொண்ட மறு வருஷம், அதாவது அறுபத்திரண்டில், சென்னையில் ஒரு தனியார் மியூசியம் கலையும் சமயமும் என்ற துறையில் ஆராய்ச்சி பெல்லோஷிப் அறிவித்தது. ஏற்கெனவே டாக்டர் பட்டம் முடித்தவர்களுக்கு மட்டும். முதல் வருஷம் இங்கே. வேலை திருப்தியாக இருந்தால் இரண்டாம் வருஷம் கடல் கடந்து அவர்களுடைய தாய் மியூசியத்தில். வாத்தியார் வேலையை ராஜிநாமா செய்துவிட்டுத்தான் சேர்ந்தேன். திரும்பிப் போக நாற்காலி கிடையாது. இரண்டாம் வருஷத்துக்கான கடிதம் டைரக்டர் பத்மநாப ராவின் கையில் இருந்தது. அவர் அன்று சாயந்தரம் கல்லைப் பார்த்து ரிப்போர்ட் எழுதி, கல்லையும் மெயில் ரயிலில் ஏற்றிய பிறகுதான் அது என் கைக்கு வரும். அதற்குத்தான் முந்தின நாளே குற்றாலம் வந்து ஒரு பங்களாவில் இறங்கியிருந்தார்.

வடகரைத் தென்னந்தோப்புக்குள் இருந்தது அந்தக் கோயில். கோயில் என்றால் நாலு தூண், ஒரு ஓட்டுக் கூரை. ரிட்டயர்டு ஏட்டு தளவாயின் குடும்பத்துக்குப் பாத்தியப்பட்டது. உள்ளே இருந்த அம்மனுக்கு முகம் கிடையாது, கை கால் கிடையாது. எண்ணெய், மஞ்சள், குங்குமம், விளக்குக் கரி, மாவு, ஆட்டு ரத்தம், மறுபடி எண்ணெய் என்று தலைமுறை தலைமுறையாகப் பூசிப் பூசி ஒரு கரிய உருண்டை. சவரக் கத்தியால் ஓரத்தில் சீவி எடுத்து, பூதக்கண்ணாடி வைத்து எண்ணினேன். பதினோரு படலம். ‘வடிவற்ற தாய்: பதினோரு படலங்களின் கலை’ என்று நான் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டுத்தான் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். இந்த மனிதர்களுக்கு உருவம் தேவைப்படவில்லை, பூசுவதே அவர்களுடைய சிற்பம் என்று அதில் முழங்கியிருந்தேன்.

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்த உருண்டையைப் பிடிக்காது. சிறு வயதில் அந்தத் தோப்பு வழியாகத்தான் வடகரை மாதா கோயிலுக்குப் போவோம். என் அம்மை சேலைத் தலைப்பால் என் மூக்கைப் பொத்திவிடுவாள். “வேகமா நட, அங்கன பாக்காத.” பார்க்காமல் இருக்க முடியாது. ஊசிப்போன எண்ணெயும் காய்ந்த ரத்தமும் கலந்த வாடை. அதன்மேல் ஓடும் கரப்பான்கள். அப்போது குமட்டியது டாக்டர் ஆன பிறகும் குமட்டியது. ஆனால் குமட்டலை அழகான வாக்கியங்களாக மாற்றத் தெரிந்துகொண்டேன். அந்தக் கல்லை நாலு வருஷத்தில் ஒரு தடவைகூட வெறுங்கையால் தொட்டதில்லை.

புதுக் கால்வாய்க்காகத் தோப்புக்குக் குறுக்கே சர்வே கல் நட்டார்கள். கோயில் போகும். அப்போதுதான் தளவாயிடம் மியூசியத்தைப் பற்றிப் பேசினேன். “வாய்க்கால்ல போறதுக்கு மெட்ராஸுக்குப் போட்டுமே” என்று அவர் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். அவர் மனைவி ரெங்கம்மாள் மட்டும் மூன்று மாதம் சம்மதிக்கவில்லை. “அங்கன யாரு விளக்கு வைப்பா?” என்று ஒரே கேள்வி. “தினமும் வைப்பாங்க அம்மா, கண்ணாடிப் பெட்டி செஞ்சு, எப்பவும் வெளிச்சத்துலயே இருப்பா” என்றேன். பொய் இல்லை. மின்சார விளக்கு.

“ஆமா, எதுக்கும்மா குளிப்பாட்டுனிய?” என்றேன். குரலில் அழுகை வந்துவிட்டது.

“என்ன கேள்வி இது? பொம்பளப்பிள்ளைய இன்னொரு வீட்டுக்கு அனுப்புதோம். தலைக்கு எண்ணெய் வச்சுக் குளிப்பாட்டாம, வேர்த்து விறுவிறுத்துப் போயி நிப்பாளா? மெட்ராஸ்காரி நாலு பேரு மூக்கப் பொத்திக்கிட்டு, ‘வடகரைக்காரி வளத்த லெச்சணத்தப் பாரு’ன்னுல்லா சொல்லுவா?”

ஜீப்பின் மட்கார்டில் சாய்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்த மூசா சிரித்தான். கடையநல்லூர்க்காரன். “நானும் இருவது வருசமா வண்டி ஓட்டுதேன் சார். கல்யாணப் பொண்ணு, பிரசவக்காரி, பலாப்பழம், எல்லாம் ஏத்தியாச்சு. குளிக்கப் போற சாமிய இன்னைக்குத்தான் ஏத்துனேன். நாலு ஆளு சேந்து தூக்கிக் கொண்டு வச்சோம். பொம்பளைங்க ‘ஒதுங்குங்க’ன்னு எங்கள வெரட்டிட்டு, தேங்கா நாரப் போட்டு தேச்சாவ பாருங்க, தேப்பு! பாறை கரையாதது அதிசயம்.”

“ஆனா அம்மா, மீசை இருக்கு” என்றேன்.

“இருக்கு. நானும் பாத்தேன்.”

“ஆம்பளை அம்மா இது. போர்ல செத்த யாரோ வீரன். நீங்க அம்மன்னு கும்பிட்டது...”

ரெங்கம்மாள் கூந்தலைப் பிழிந்து உதறினாள். “எங்க அம்மைக்கு மீசை இருந்தா இருந்துட்டுப் போகுது. எங்க மாமியாருக்கும்தான் இருந்துச்சு. அவ பெத்துப் போடலையா?” என்று சொல்லிவிட்டு, கூட வந்த பெண்களோடு சீர் சாமான் எடுத்து வர வடகரை பஸ்ஸுக்கு நடந்தாள்.

பங்களாவுக்கு ஓடினேன். ஓடும்போதே எனக்குள் வேறொன்று கிளம்பியிருந்தது. எங்கோ ஒரு சண்டையில் செத்தவனை, பெயர் மறந்துபோன பெண்கள் விளக்கு வைத்து, மஞ்சள் பூசி, தாயாக்கிவிட்டார்கள். இது என் பதினோரு படலத்தைவிட எவ்வளவு பெரியது! என் கட்டுரை தப்பு. தப்பாகவே இருக்கட்டும். புதிதாக எழுதலாம். டைரக்டர் கட்டிக்கொள்வார் என்றுகூட நினைத்தேன்.

அவர் கட்டிக்கொள்ளும் நிலையில் இல்லை. பின்பக்க வராந்தாவில், மரப்பலகையில் லங்கோட்டோடு குப்புறப் படுத்திருந்தார். ஒரு ஆள் அவர் முதுகில் எண்ணெய் வழித்துக்கொண்டிருந்தான். சதை இரண்டு பக்கமும் பிதுங்கி, பலகை விளிம்பைத் தாண்டி வழிந்தது. பக்கத்து மேஜையில் என் கடிதம், டைப் அடித்து, கையெழுத்துக்கு இடம் விட்டு. காற்றில் பறக்காமல் இருக்க அதன்மேல் ஒரு மங்குஸ்தான் பழம்.

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணைத் திறக்கவில்லை.

“எத்தனை வருஷமா இந்தக் கல்லை ஸ்டடி பண்றீங்க, மிஸ்டர் அருமைநாயகம்?”

“நாலு வருஷம் சார்.”

“நாலு வருஷத்துல மீசை கண்ணுல படலை?”

“படலம் மூடியிருந்தது சார்.”

“அப்ப மூடியே இருக்கட்டும்.”

எண்ணெய்க்காரன் கை ஒரு விநாடி நின்று மறுபடி ஓடியது.

“கேட்லாக் அச்சாயிடுச்சு. அட்டையில உங்க தலைப்பு. அங்கே ஒரு ஹால் முழுக்க இருட்டாக்கி, நடுவுல இது ஒண்ணுக்கு மட்டும் லைட் போடப் போறாங்க. மீசை வெச்ச கல்லு நம்ம ஸ்டோர்ல நாப்பது கிடக்கு, எலி மூத்திரம் பெய்யுது. கல்லைப் பார்க்க எவன் வருவான்? அழுக்கைப் பார்க்கத்தான் வர்றான்.” கொட்டாவி விட்டார். “நான் உங்களை எதுவும் செய்யச் சொல்லலை. நாலு மணிக்கு வருவேன். கண்ணால பார்த்ததை ரிப்போர்ட்ல எழுதுவேன். தட்ஸ் ஆல்.” பிறகு அந்த ஆளிடம், “ஏம்ப்பா, வயித்துக்கு” என்று மல்லாந்தார்.

மல்லாந்த வயிற்றில் எண்ணெய் தொப்புளில் குளமாகத் தேங்கி நின்றது. நான் கடிதத்தைப் பார்த்தேன். மங்குஸ்தானைப் பார்த்தேன்.

சீசன் கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டு அருவிக்குப் போய்க்கொண்டிருந்தது. எண்ணெய் பூசிய முதுகுகள், எண்ணெய் பூசிய தொந்திகள், ஈரத் துண்டு வாடை, மிதிபட்ட பழத்தோல், வடைச் சட்டியின் காறல். அருவியிலிருந்து இறங்கி வந்த தண்ணீர் சாக்கடை ஓரமாகச் சோப்பு நுரையோடு ஓடியது. அதில் ரெங்கம்மாள் உரித்த பதினோரு படலமும் போயிருக்கும். எத்தனையோ பேர் அதில் வாய் கொப்பளித்திருப்பார்கள். நான் ரொம்ப நேரம் போராடினேன் என்று எழுத ஆசைதான். ஒரு டீ குடிக்கிற நேரம். அவ்வளவுதான் யோசித்தேன்.

“மூசா, தென்காசிக்கு வண்டிய எடு.”

கறிக்கடையில் ஒரு டால்டா டின் நிறைய ஆட்டு ரத்தம். உறையாமல் இருக்க உப்புப் போட்டுக் கலக்கிக் கொடுத்தான் கடைக்காரன். மூசா டின்னையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். “மூடி இருக்கா சார்? மூடி இல்லேன்னா டின்னு நடந்து வரட்டும்.” மூடியை நான் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். நல்லெண்ணெய், மஞ்சள்தூள், குங்குமம், அரிசி மாவு, வேப்பம் பிசின். டீக்கடை அடுப்பிலிருந்து ஒரு கொட்டாங்கச்சி கரி. எது எவ்வளவு, எதற்குப் பிறகு எது என்று எனக்கு மனப்பாடம். என் கட்டுரையின் பதினான்காம் பக்கத்தில் பட்டியலே இருக்கிறது. உலகத்தில் எந்த ஆராய்ச்சிக் கட்டுரையும் இப்படிச் சமையல் குறிப்பாகப் பயன்பட்டிருக்காது.

நான் தங்கியிருந்த விடுதிக்குப் பின்னால் ஓலைச் சாய்ப்பின் கீழே ஆள் பிடித்துக் கல்லை இறக்கி நிறுத்திவிட்டு மூசா போய்விட்டான். சட்டையைக் கழற்றினேன். முதல் கை ரத்தத்தை அள்ளியபோது குமட்டி, சுவரோரம் போய் வாந்தி எடுத்தேன். திரும்பி வந்து அள்ளினேன். கல் குளிர்ச்சியாக, வழவழவென்று இருந்தது. நாலு வருஷத்தில் முதல் தடவையாகத் தொடுகிறேன். விரலுக்கடியில் நெற்றி, புருவம், மூக்கு. செதுக்கியவன் கெட்டிக்காரன். ஒரு கண் லேசாகச் சுருங்கி, வெயிலில் எதையோ தூரத்தில் பார்ப்பது போல. நான் அந்தக் கண்ணில் மாவைத் திணித்தேன். மீசைதான் மறைய மாட்டேன் என்றது. பூசப் பூச மேடாக எழுந்து நின்றது. பிசினும் மாவும் பிசைந்து இரண்டு பக்கமும் பள்ளத்தை நிரப்பி, அதன்மேல் கரி, அதன்மேல் ரத்தம், அதன்மேல் எண்ணெய். எங்கிருந்தோ ஈக்கள் வந்துவிட்டன. என் முழங்கையிலும் உட்கார்ந்தன. விரட்ட முடியவில்லை. ஈக்கள் வந்தால் நல்லது, பழசு மாதிரி இருக்கும் என்று என் மூளையின் ஒரு மூலை கணக்குப் போட்டதைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

“தம்பி.”

ரெங்கம்மாள் நின்றுகொண்டிருந்தாள். தலையில் தகரப் பெட்டி. கையில் ஒரு முழம் பிச்சிப்பூ. பெட்டியில் என்ன இருக்கும் என்று கேட்காமலே தெரியும். சேலை, மஞ்சள், கண்ணாடி வளையல், அகல் விளக்கு.

கல்லைப் பார்த்தாள். டின்னைப் பார்த்தாள். கடைசியாக என் கைகளை.

“யாரு வெட்டுனா?”

நான் டின்னை மூடினேன்.

“கேக்கேம்லா. யாரு வெட்டுனா? யார நெனச்சு வெட்டுனா?”

“கறிக்கடையில வாங்குனேம்மா.”

“கறிக்கடையில.” அந்த வார்த்தையை வாயில் வைத்திருந்து துப்புவது போலச் சொன்னாள். “ஊருக்கு வித்தது போக மிஞ்சுனது. அத டின்னுல பிடிச்சிட்டு வந்து, குளிச்ச பிள்ள மேல ஊத்தியிருக்கிய.” கிட்டத்தில் வந்தாள். “நாங்க ஒரு ஆட்டக் குடுத்தா, அது காதுல பேரச் சொல்லி, தண்ணி தெளிச்சு, அது தலைய ஆட்டுத வரைக்கும் நிப்போம். ஒரு தடவ மத்தியானம் வரைக்கும் ஆட்டல. வெயில்ல நின்னோம். ஏன் தம்பி, நீங்க வேதக்காரருதான? ஒங்க கோயில்ல மாதா மேல இப்படி ஊத்துவியளா?”

“மியூசியத்துக்குப் பழைய மாதிரி வேணுமாம் அம்மா. இல்லேன்னா எடுக்க மாட்டாங்க.”

“எடுக்காண்டாம். நான் கொண்டு போறேன். வாய்க்கால்ல கெடக்கட்டும். மானத்தோட கெடப்பா.”

இதுதான் அந்த நிமிஷம். ‘கொண்டு போங்க அம்மா’ என்று மூன்று வார்த்தை. மூசா ஜீப்போடு தெருமுனையில்தான் நின்றான்.

“அண்ணாச்சி கையெழுத்துப் போட்டுட்டாகளே அம்மா” என்றேன்.

“அவுக போட்டாக. நான் போடலையே.”

“பத்திரத்துல அவுக பேருதான் இருக்கு.”

ரெங்கம்மாள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் பிச்சிப்பூவைத் தன் மடியில் கட்டிக்கொண்டாள். பெட்டியை இறக்கவே இல்லை.

சரியாக நாலு மணிக்கு டைரக்டர் வந்தார். பட்டு ஜிப்பா, சென்ட் வாசனை. கல்லைச் சுற்றி ஒரு முறை நடந்தார். குனிந்து முகர்ந்தார். ஈக்கள் அவர் முகத்தில் மோதின. நிமிர்ந்தபோது அவர் கண் ஈரமாகப் பளபளத்தது. நடிக்கிறாரா என்றுகூட என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

“அபாரம்” என்றார். “பதினோரு படலமும் சேதமில்லை. என்ன சொல்றீங்க?”

“இல்லை சார்.”

“இல்லைன்னா?”

“சேதமில்லை சார்.”

கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். ரெங்கம்மாளைக் காட்டி, “யார் இது? வேலைக்காரியா?” என்று கேட்டார். நான் பதில் சொல்லும் முன்னால் அவள் சொன்னாள்: “பொண்ணு வீட்டுக்காரி.” அவருக்குப் புரியவில்லை, புன்னகை செய்தார்.

பூச்சு இன்னும் காயவில்லை. சாக்கைப் போர்த்தினால் ஒட்டிக்கொண்டு உரிந்துவிடும். அதனால் திறந்தபடியே ஜீப்பில் ஏற்றினோம். கல்லைத் தூக்கி நிறுத்த வசதியாக மூசா ஏற்கெனவே கான்வாஸ் கூரையைச் சுருட்டிக் கட்டியிருந்தான். டைரக்டர் முன் இருக்கையில் ஏறினார். கையெழுத்தான கடிதம் அவர் ஜிப்பாப் பைக்குள் இருந்தது. மங்குஸ்தான் சாயம் ஒரு மூலையில் ஊதாவாகப் பிடித்திருந்ததைப் பார்த்தேன். “ஸ்டேஷன்ல, ஏத்தினதுக்கு அப்புறம்” என்று அதைத் தட்டிக் காட்டினார். நான் பின்னால் கல்லோடு உட்கார்ந்தேன்.

ரெங்கம்மாள் ஜீப்பின் பக்கத்தில் வந்து நின்றாள். மலைப் பக்கம் திரும்பி மூக்கை உயர்த்திப் பார்த்தாள். மலை உச்சி தெரியவில்லை.

“சாரல் வருது” என்றாள், என்னிடம் இல்லை, கல்லிடம். “குளிச்சிக்கிடுவா.”

ஐந்தருவிப் பக்கமிருந்து முதல் தூறல் வந்தபோது வண்டி கடைத்தெருவைத் தாண்டியிருக்கவில்லை. குற்றாலத்துச் சாரல் மழை மாதிரி விழாது. காற்றோடு படுக்கை வாட்டில் வந்து அப்பும். கையோடு கொண்டுவந்திருந்த குடையை விரித்தேன். என் தலைக்கு மேல் பிடிக்கவில்லை. கல்லை மார்போடு அணைத்துக்கொண்டு அதன்மேல் பிடித்தேன். ஒரு பக்கம் மறைத்தால் மறுபக்கம் நனைந்தது. மாவு கரைந்து என் வேட்டியில் இறங்கியது. “வண்டிய வெரசா விடு மூசா!” என்று கத்தினேன். “பின்னால ஒழுகுது சார்” என்றான் மூசா. “எண்ணெயா, இல்ல மத்ததா?”

திரும்பிப் பார்த்தேன். தென்காசி ரஸ்தாவில் எங்களுக்குப் பின்னால் செம்மையாக ஒரு கோடு நீண்டுகொண்டே வந்தது. கோட்டின் மறுமுனையில் தகரப் பெட்டியைத் தலையில் வைத்தபடி ரெங்கம்மாள் நடந்து வந்துகொண்டிருந்தாள். ஓடவில்லை. ஸ்டேஷன் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவள் நடக்கிற நடை.

காற்று குடையைத் தூக்கியது. இழுத்துப் பிடித்துக் குனிந்தபோது, கரியும் ரத்தமும் கலந்த சேற்றுக்குள்ளிருந்து மீசையின் வலது நுனி மட்டும் வெளியே வந்திருந்தது, கறுப்பாக, பளபளவென்று. அதன்மேல் ஒரு துளி நின்று நடுங்கியது. மறுபடி மூட என் உள்ளங்கையில் போதுமான கறை இருந்தது.

முன் இருக்கையில் பத்மநாப ராவ் சென்ட் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மெதுவாகப் பின்பக்கம் திரும்பத் தொடங்கினார்.